புதுப்பிப்பு: புடவைப் பட்டியல் இப்போது திக்காமல் ஓடுகிறது

போன வாரம் எழுதியிருந்தேன்: ஃப்ளட்டரில் (செயலிகள் கட்ட உதவும் கூகுளின் கருவித்தொகுப்பு) செய்த எங்கள் புடவைக் கடைச் செயலியில் 600 படங்கள் உள்ள பட்டியல் திறக்கும்போது உறைகிறது, விரலால் தள்ளினால் நின்று நின்று நகர்கிறது என்று. காரணம் கிடைத்துவிட்டது.

பட்டியலைக் காட்டும் ஃப்ளட்டர் உறுப்பான லிஸ்ட்வியூ.பில்டர், திரைக்கு அருகில் வரும் வரிசைகளை மட்டும்தான் கட்டும். ஆனால் மேலே ஒரு பேனர் வைக்க வேண்டும் என்று அதை, உள்ளே இருப்பதை மொத்தமாக நகர்த்தும் சிங்கிள்சைல்ட்ஸ்க்ரோல்வியூவுக்குள் போட்டு, பட்டியலின் உயரத்தை உள்ளடக்கத்தின் அளவுக்கே வைக்கும் ஷ்ரிங்க்ராப் அமைப்பையும் ட்ரூ (ஆம்) ஆக்கியிருந்தேன். அப்படிச் செய்தால் மொத்த உயரத்தைக் கணக்கிட 600 வரிசைகளையும் ஒரே மூச்சில் கட்டிவிடுகிறது! பல பகுதிகளை ஒன்றாக நகர்த்தும் கஸ்டம்ஸ்க்ரோல்வியூவுக்கு மாற்றி, பேனரை ஒரு ஸ்லைவராகவும் (அப்படி நகரும் ஒரு பகுதி) பட்டியலை ஸ்லைவர்லிஸ்ட்டாகவும் வைத்தேன். உறைவது அன்றே நின்றது.

தள்ளும்போது திக்கியது மட்டும் மிச்சம் இருந்தது. அது படங்களின் வேலை. 4000-க்கு 3000 பிக்சல் படம், கோப்பாக 3 எம்பி இருந்தாலும், நினைவகத்தில் சுருக்கம் நீங்கி விரியும்போது ஏறத்தாழ 48 எம்பி. ஃப்ளட்டரின் படத் தற்காலிகச் சேமிப்பு இயல்பாகவே 100 எம்பிதான். இரண்டு படத்தோடு நிறைந்துவிடும், பழையது வெளியேறும், திரும்பி வந்தால் மறுபடி விரிக்க வேண்டும். எந்த அகலத்தில் விரிப்பது என்று சொல்லும் கேஷ்வித் கொடுத்துச் சிறிதாக விரிக்கச் சொன்னேன். என்ன ஒரு மாற்றம்!

அப்புறம், டேப் மாறி வந்தால் பட்டியல் உச்சிக்குப் போய்விடுவதை நகர்த்திய இடத்தை நினைவில் வைக்கும் பேஜ்ஸ்டோரேஜ்கீ சரி செய்தது.

சோதிப்பவர்கள் தயவுசெய்து வேகத்தை அளப்பதற்கான ப்ரொஃபைல் முறையில், பழைய போனில் பாருங்கள். பிழை தேடுவதற்கான, மெதுவாக ஓடும் டீபக் முறையின் வேகத்தை நம்பி நான் இரண்டு நாளை இழந்தேன்.