எஸ்ஏபியின் மிகோ (MIGO) திரையில் சரக்கு வரவு போட முடியவில்லை, அவசரம்

ஓமலூர்_ஸ்டோர்ஸ்:
எஸ்ஏபி (SAP) மென்பொருளில் வரவு போட்டால் அனுமதி இல்லை என்று சிவப்பில் வருகிறது. நேற்று வரை நன்றாகத்தான் போனது. பஞ்சு பேல் லாரி கேட்டில் நிற்கிறது. யாராவது உடனே சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை_கணக்கு:
செய்தி முழுவதையும் அப்படியே எழுதுங்களேன். மிகோ திறக்கவே இல்லையா, திறந்து சேவ் கொடுக்கும்போது வருகிறதா? இரண்டுக்கும் காரணம் வேறு.

ஏற்காடு_எஸ்டேட்:
லைன் கோளாறாக இருக்கும். இங்கே மலையில் மழை பிடித்தாலே எல்லாம் நின்றுவிடும். வெளியே வந்து மறுபடி லாகின் செய்யுங்கள்.

சூரமங்கலம்77:
இன்று ஒன்றாம் தேதி. மாதம் மாற்றும் எம்எம்பிவி (MMPV) ஓட்டி புது மாதத்தைத் திறந்திருக்க மாட்டார்கள். எங்கள் ஆபீசிலும் மாதாமாதம் இதே கதைதான்.

பேசிஸ்_மூத்தவர்:
லைன் போனால் இணைப்பு அறுந்தது என்று வரும். மாதம் திறக்காவிட்டால் மாதத்தைச் சொல்லும். அனுமதி இல்லை என்றால் அனுமதிதான் இல்லை. அடிப்படை தெரியாமல் ஆளுக்கொன்று சொல்லாதீர்கள். கேட்பவரும் டிகோடு (எந்தத் திரை என்ற குறியீடு), பிளாண்ட் எண் (எந்த யூனிட்) இல்லாமல் கேட்டால் என்ன சொல்வது? பிழை வந்த கையோடு, வேறு எதையும் தொடாமல் எஸ்யூ53 (SU53) ஓட்டுங்கள். கடைசியாகத் தோற்ற அனுமதிச் சோதனை எது என்று அதிலேயே இருக்கும்.

ஓமலூர்_ஸ்டோர்ஸ்:
மிகோ திறக்கிறது. 101 (ஆர்டருக்கு வரவு என்ற குறியீடு) போட்டு செக் கொடுத்தால்தான் வருகிறது. எஸ்யூ53இல் எம்_எம்எஸ்இஜி_டபிள்யூடபிள்யூஇ (M_MSEG_WWE), ஆக்டிவிட்டி 01 (புதிதாகப் பதிவது), பிளாண்ட் 1200.

செவ்வாய்ப்பேட்டை_கணக்கு:
1200 புது யூனிட்டா? நேற்று எந்த பிளாண்டில் போட்டீர்கள்?

ஓமலூர்_ஸ்டோர்ஸ்:
1100. ஓமலூருக்கு இன்று முதல் தனி எண்.

செவ்வாய்ப்பேட்டை_கணக்கு:
அதுதான் விஷயம். பர்ச்சேஸ் ஆர்டருக்கு வரவு போடும்போது பிளாண்டுக்கு அனுமதி உண்டா என்று சோதிப்பது இந்த ஆப்ஜெக்ட். மூவ்மென்ட் டைப் 101ஐச் சோதிக்க எம்_எம்எஸ்இஜி_பிடபிள்யூஇ தனியாக இருக்கிறது. உங்கள் ரோலில் (உங்களுக்குக் கொடுத்த அனுமதித் தொகுப்பில்) 1200 இல்லை. ரோலைத் திருத்தும் பிஎஃப்சிஜி (PFCG) திரையில் ஆர்கனைசேஷனல் லெவலில் சேர்த்து, அது நடைமுறைக்கு வர புரொபைலை ஜெனரேட் செய்யச் சொல்லுங்கள். சேர்த்துவிட்டு ஜெனரேட் செய்யாமல் விடுவது அடிக்கடி நடக்கும், கேட்டு வாங்குங்கள். அப்புறம் நீங்கள் வெளியே போய் உள்ளே வர வேண்டும்.

சூரமங்கலம்77:
அதற்கு டிக்கெட், ஒப்புதல் என்று சாயங்காலம் ஆகிவிடும். இப்போதைக்கு எல்லா அனுமதியும் தரும் எஸ்ஏபி_ஆல் கொடுக்கச் சொல்லுங்கள் அண்ணே, நாளைக்கு எடுத்துவிடலாம்.

பேசிஸ்_மூத்தவர்:
கூடவே கூடாது. அது கையில் இருந்தால் ஆர்டர் போடுவதும், சரக்கு வந்தது என்பதும், பில் ஏற்றுவதும், பணம் விடுவதும் ஒரே ஆள். நாளைக்கு எடுக்கலாம் என்று கொடுத்ததை யாரும் எடுப்பதில்லை.

சூரமங்கலம்77:
பெரிய கம்பெனிக்கு அது சரி சார். ஸ்டோரில் இரண்டே பேர் இருக்கிற மில்லில் யாரை யாரிடமிருந்து பிரிப்பது? வேலை நின்றால் நஷ்டம் மில்லுக்குத்தானே?

ஏற்காடு_எஸ்டேட்:
இதில் மூத்தவர் பக்கம்தான் நான். எங்களிடம் காப்பிப் பழம் எடை போடுகிறவர் ஒருவர், சீட்டில் கையெழுத்துப் போடுகிறவர் இன்னொருவர். கம்ப்யூட்டர் வருமுன்பே அப்படித்தான். ஆள் குறைவு என்றால் இன்னும் கவனமாகத்தான் இருக்க வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை_கணக்கு:
ஓமலூர் நண்பரே, லாரியைக் காக்க வைக்காதீர்கள். மேலாளரிடம் சொல்லிவிட்டு எடை போட்டு இறக்குங்கள். எடைச்சீட்டில் ஆர்டர் எண், பேல் எண்ணிக்கை, லாரி நம்பர் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போடுங்கள். வரவை அனுமதி வந்ததும் போடலாம். ஆனால் பதிவாகும்வரை அந்தப் பஞ்சைத் தனியாக வையுங்கள், கலவைக்கு எடுத்துவிடப் போகிறார்கள்.

ஓமலூர்_ஸ்டோர்ஸ்:
1200 சேர்த்தார்கள். வரவு ஆகிவிட்டது. நன்றி.

தாரமங்கலம்_புதியவர்:
எனக்கும் இதே பிழை. ஆனால் எஸ்யூ53 எல்லா சோதனையும் வெற்றி என்கிறதே?

பேசிஸ்_மூத்தவர்:
எஸ்யூ53 எப்போதும் முழுசாகச் சொல்லாது. உங்கள் யூசர் பெயருக்கு அனுமதிச் சோதனைகளைப் பதியும் எஸ்டிஆத்டிரேஸ் (STAUTHTRACE) போடச் சொல்லுங்கள். அது ஓடும்போது பிழையை மறுபடி வரவழைத்தால் ஒவ்வொரு சோதனையும் வரிசையாக வரும். டிகோடு எது, பிளாண்ட் எது?