2,30,000 கி.மீ. ஓடிய பெட்ரோல் கார், 3-வது சிலிண்டர் மிஸ்ஸிங்: போரிங் போகணுமா?

பழையவண்டி:
1.2 லிட்டர், 4 சிலிண்டர், 2010 மாடல். ஐடிலிங்ல வண்டி குலுங்குது, செக் என்ஜின் லைட் மினுக்குது. ஸ்கேனர்ல பி0303, அதாவது 3-வது சிலிண்டர் சரியா எரியாம விடுது (மிஸ்ஸிங்). 3-வது சிலிண்டரோட பிளக்கையும் காயிலையும் 1-க்கு மாத்திப் போட்டாச்சு, கோடு 3-லயே நிக்குது. ஆயில் 1,000 கி.மீ.க்கு 300 மில்லி குறையுது. காலைல முதல் ஸ்டார்ட்ல ரெண்டு மூணு செகண்ட் நீலப் புகை, அப்புறம் இல்லை. ஒர்க்‌ஷாப்ல, "பிஸ்டன் ரிங் போச்சு, இன்ஜினை இறக்கி போரிங் (சிலிண்டர் உள்சுவரைக் கடைஞ்சு பெருசாக்குறது) பண்ணணும்"னு சொல்றாங்க. அதுக்கு முன்னாடி வீட்லயே எதை உறுதிப்படுத்தலாம்?

ஸ்பேனர்14:
லைட் மினுக்கும்போது வண்டியை ஓட்டாதீங்க. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு அதையும் கெடுத்துடும்.

நீங்க சொல்ற புகை ரிங் புகை மாதிரி தெரியல. ரிங் தேஞ்சிருந்தா மேடு ஏறும்போது, அழுத்தி மிதிக்கும்போது நீலமா வரும். ராத்திரி நின்ன வண்டி காலைல மட்டும் புகைஞ்சா வால்வு ஸ்டெம் சீல் (வால்வு தண்டைச் சுத்தி ஆயிலைத் தடுக்கிற ரப்பர்) வழியா ஆயில் இறங்கியிருக்கு. ஆனா புகையை வெச்சு முடிவு கட்ட வேண்டாம். கம்ப்ரெஷன் கேஜ் (சிலிண்டர்ல காத்து எவ்வளவு அழுந்துதுன்னு காட்டுற மானி) வாங்குங்க, பிளக் ஓட்டை மரையில திருகுற வகை. அழுத்திப் பிடிக்கிற ரப்பர் முனை வேண்டாம், கசிஞ்சு பொய் அளவு காட்டும்.

இன்ஜினை நல்லா சூடாக்கி நிறுத்துங்க. ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை எடுங்க, காயில் கனெக்டர் நாலையும் கழட்டுங்க, பிளக் நாலையும் எடுங்க. பேட்டரி முழு சார்ஜ்ல இருக்கணும். ஒருத்தர் ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு, முள் 6 தடவை எகிறுற வரைக்கும் செல்ஃப் அடிக்கட்டும். மிதிக்கலைன்னா காத்து உள்ள போகாம நாலுமே குறைவா காட்டும். நல்ல இன்ஜினைப் பிரிக்க வைக்கிற தப்பு இதுதான். குறைவா வர்ற சிலிண்டர்ல ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுங்க. அளவு நல்லா ஏறினா ரிங் அல்லது போர் (சிலிண்டர் உள்சுவர்) தேஞ்சிருக்கு. ஏறலைன்னா வால்வு, இல்லைன்னா ஹெட் கேஸ்கட் (இன்ஜின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ இருக்கிற பிளாக்குக்கும் நடுத்தகடு). பக்கத்துப் பக்கத்து ரெண்டு சிலிண்டர் சேர்ந்து குறைஞ்சா முதல்ல கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்க.

பழையவண்டி:
எடுத்தாச்சு. 165, 160, 90, 162 பிஎஸ்ஐ. ஆயில் விட்ட பிறகு 3-வது 94. கேஸ்கட் போன அறிகுறியும் இல்லை: கூலன்ட் குறையல, ஆயில்ல பால் நிறம் இல்லை.

டேப்பட்:
2,30,000 கி.மீ.க்கு 160 நல்ல கம்ப்ரெஷன். போர் உயிரோட இருக்கு. 3-ல வால்வு கசியுது.

ஒரு கேள்வி: கேஸ் கிட் இருக்கா?

பழையவண்டி:
ஆமா, எல்பிஜி. 1,20,000 கி.மீ.க்கு மேல கேஸ்லதான் ஓடியிருக்கு. மிஸ்ஸிங் பெட்ரோல், கேஸ் ரெண்டுலயும் வருது.

டேப்பட்:
ரெண்டுலயும் வருதுன்னா இன்ஜெக்டர் இல்லை. எக்ஸாஸ்ட் வால்வு (புகை வெளியேறுற வால்வு) மூடி உட்கார்ற சீட்டோட தேய்மானம்தான் முதல் சந்தேகம். பெட்ரோல்ல எரியும்போது சீட்மேல படியுற மெல்லிய படிவு மெத்தை மாதிரி காக்கும். கேஸ்ல அது கிடையாது, கலவை லீனா (கேஸ் குறைவா, காத்து அதிகமா) இருந்தா சூடும் கூடும். சீட் தேயத் தேய வால்வு மேல ஏறி, டேப்பட் கிளியரன்ஸ் (வால்வைத் திறக்கிற கேமுக்கும் டேப்பட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி) குறைஞ்சுக்கிட்டே வரும். சத்தமே வராது. டேப்பட் சத்தம் போட்டா எல்லாரும் பார்ப்பாங்க. இறுகும்போது வண்டி அமைதியா ஓடுறதால யாரும் பார்க்கிறதில்லை. வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்ல உட்கார்ந்திருக்கும்போதுதான் இறக்கும். முழுசா உட்காரலைன்னா விளிம்பு கருகிடும்.

இன்ஜின் முழுசா ஆறினதும், மறுநாள் காலைல, வால்வு கவரைக் கழட்டி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகட்டு இலைகள்) விட்டு அந்த இடைவெளியைப் பாருங்க. கேம் மூக்கு டேப்பட்டுக்கு எதிர்ப்பக்கம் மேல பார்த்து நிக்கும்போதுதான் அளக்கணும்.

பழையவண்டி:
மேனுவல்ல எக்ஸாஸ்ட் 0.28 முதல் 0.32 மி.மீ. 1, 2, 4-ல 0.20, 0.22, 0.20. 3-ல 0.05 இலை கூட நுழையல. ஷிம் (கிளியரன்ஸைச் சரிசெய்யுற தகடு) மட்டும் மாத்தினா போதுமா?

டேப்பட்:
ஷிம் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. கேமைச் சுத்துற செயின்ல டைமிங் மார்க் போட்டு, அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரைப் பூட்டி, 3-வது பிஸ்டனை மேல கொண்டுவந்துட்டு எக்ஸாஸ்ட் கேமை எடுங்க. இப்போ எந்த அழுத்தமும் இல்லாம ஸ்பிரிங் வால்வை முழுசா மூடியிருக்கும். காத்து உள்ள வர்ற இன்டேக் வால்வும் மூடியிருக்கணும். பிளக் ஓட்டைல அடாப்டர் திருகி 40 பிஎஸ்ஐ காத்து விடுங்க. பிஸ்டன் கீழ தள்ளப்பட்டு கிராங்க் திடீர்னு சுத்தலாம். கியர் நியூட்ரல்ல இருக்கட்டும், கிராங்க் போல்ட்ல ஸ்பேனரை விட்டு வைக்காதீங்க.

சைலன்சர் வாயில காதை வைங்க. காத்துச் சத்தம் இல்லைன்னா வால்வு பிழைச்சது, மெல்லிய ஷிம் போதும். "உஸ்ஸ்"னு தொடர்ந்தா விளிம்பு கருகிடுச்சு, ஹெட்டை இறக்கணும். ஆயில் கேப் பக்கம் லேசா காத்து வர்றது சகஜம்.

பழையவண்டி:
சைலன்சர்ல நல்லாவே "உஸ்ஸ்"னு வருது.

ஸ்பேனர்14:
ஹெட் மட்டும் இறங்கட்டும், பிளாக்கைத் தொட விடாதீங்க. இறக்கினதும் போரை விரலால தடவுங்க: மேல் விளிம்புல நகம் சிக்கலைன்னா, ஹோனிங் குறுக்குக் கோடுகள் (கம்பெனியில சுவர்ல தீட்டின கோடுகள்) தெரிஞ்சா, போரிங் பேச்சுக்கே இடமில்லை. லேத்துல எக்ஸாஸ்ட் சீட் நாலையும் கேஸுக்கு ஏத்த கெட்டியான வகையா மாத்தச் சொல்லுங்க. மத்த மூணும் தேஞ்சுக்கிட்டுதான் இருக்கு. 3-க்குப் புது வால்வு, எல்லாத்துக்கும் புது ஸ்டெம் சீல். காலைப் புகை அதுலயே நிக்கும். ஹெட் அடிப்பரப்புல ஸ்ட்ரெயிட் எட்ஜ் (நேரான இரும்புப் பட்டை) வெச்சு 0.05 இலை நுழையுதான்னு பாருங்க, நுழைஞ்சா ஃபேசிங் (பரப்பைச் சமமா கடையுறது) பண்ணணும். ஹெட் போல்ட் முறுக்கும்போது இழுபட்டு நீள்ற வகைன்னா பழசைப் போடாதீங்க.

டேப்பட்:
மாட்டினதும் கேஸ் கலவையை ட்யூன் பண்ணுங்க, லீனா விடாதீங்க. முதல் 5,000 கி.மீ.ல கிளியரன்ஸ் அளந்து எழுதி வைங்க, பிறகு 20,000-க்கு ஒருமுறை.