சனி ராத்திரி தபசு மரம், ஞாயிற்றுக்கிழமை பூசை: எதிர்பாராமல் சந்தித்த ஆட்களைப் பற்றி எழுதுங்கள்

பெரம்பூர்ப் பையன்:

கச்சேரி, கூத்து, கண்காட்சி என்று சனி ஞாயிறில் எங்காவது போன இடத்தில் நினைத்தே பார்க்காத ஒரு ஆளைச் சந்தித்த கதை உங்களிடம் இருக்கும். அதை இங்கே எழுதுங்கள். முதலில் என்னுடையது. நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தடவை ஜூன் 21 சனிக்கிழமையில் வந்தது. புதுச்சேரியில் அன்று ஃபெத் த லா மியூசிக். பிரான்சில் 1982-ல் ஆரம்பித்த வழக்கம் இது. அன்றைக்கு யார் வேண்டுமானாலும் தெருவில் நின்று பாடலாம், வாசிக்கலாம், கேட்கிறவர்களிடம் டிக்கெட் கிடையாது. பிரெஞ்சுத் தொடர்பு விட்டுப்போகாத ஊர் என்பதால் பாண்டியிலும் நடத்துகிறார்கள். கல்லூரியில் ஒன்றாகத் திரிந்த நாங்கள் நாலு பேர் அதைச் சாக்காக வைத்துக் கூடினோம். நான், பேங்க் வேலைக்குப் போய்த் தொப்பை போட்ட ஒருத்தன், பாண்டியிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்க நண்பன், அப்புறம் எங்களோடு ஒரு வருஷம் படித்துவிட்டு, இது ஒத்துவராது என்று அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் படிக்கப் போன தோழி.

பாண்டி நண்பன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். ஞாயிறு காலைப் பூசைக்கு நான் போயே ஆகவேண்டும், பாடகர் குழுவில் இருக்கிறேன், ராத்திரி எங்கே இழுத்துக்கொண்டு போனாலும் விடிவதற்குள் கொண்டுவந்து விட்டுவிடுங்கள் என்றான். எல்லோரும் தலையாட்டினோம்.

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நல்ல கூட்டம். அந்த நேரத்தில் அங்கே வண்டி விடமாட்டார்கள், அதனால் காந்தி சிலையிலிருந்து தெற்கே நடந்தபடியே கேட்கலாம். ஆனால் உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு ஏமாற்றம்தான். ரெண்டு மேடையை அவ்வளவு கிட்டக்கிட்டப் போட்டிருந்தார்கள், ஒரு பக்கம் கிடார், இன்னொரு பக்கம் டிரம்ஸ், நடுவில் நிற்கிறவனுக்குத் தலைவலி. அப்புறம் மழை வந்தது, மின்சாரமும் போனது, கீபோர்டுகள் எல்லாம் ஊமையாகிவிட்டன. தூமா வீதியில் கப்ஸ் கோயிலுக்கு எதிரே ஒரு மரத்தடியில் ஒதுங்கி நின்றபோதுதான் தோழி வாயைத் திறந்தாள். "எங்க ஊர்ப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்ல இன்னிக்குக் கூத்து. அர்ச்சுனன் தபசு. கரண்ட் போனாலும் நிக்காது. வர்றீங்களா?"

ரெண்டு பைக்கில் வில்லியனூர் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று இருக்கும். வயல் நடுவில் மைதானம், பெஞ்சு மேல் ஆர்மோனியம், மத்தளம், தாளம், ஓரத்தில் முகவீணையோடு ஒரு பெரியவர். முகவீணையைப் பக்கத்தில் பார்க்காதவர்களுக்கு: நாயனத்தின் குட்டித் தம்பி மாதிரி இருக்கும், நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் அதன் சத்தம் வயலைத் தாண்டிப் போகும். கூத்தாடுகிறவர் எட்டுக்கட்டையில் அடியைப் பாடி முடித்ததும் அதே அடியை அந்தப் பெரியவர் குழலில் திருப்பித் தருவார். பாடினவர் மூச்சு வாங்குவதற்கு அந்த நேரம். ராத்திரி முழுக்க அவர் கன்னம் உப்பி வற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூத்தில் கோமாளியாக வரும் கட்டியக்காரன் எங்கள் பேங்க்காரனின் தொப்பையைச் சுட்டிக்காட்டி, துரியோதனன் கஜானா இங்கேதான் இருக்கிறது என்று சொல்லி ஊரையே சிரிக்க வைத்தது தனிக்கதை.

தோழி இடையில் ஒன்று சொன்னாள். பாரிசில் தியேத்ர் து சொலேய் என்று பேர்பெற்ற நாடகக் குழு இருக்கிறது, அவர்கள் புரிசை சம்பந்தன் தம்பிரானிடம் தெருக்கூத்து கற்றுக்கொண்டு 2016-ல் ஒரு நாடகத்துக்குள்ளேயே கூத்தை வைத்து ஆடினார்கள் என்று. பிரெஞ்சுக்காரன் பழக்கத்தைப் பார்க்கப் பெரம்பூரிலிருந்து வந்து மழையில் நனைந்த ஆள் நான், என்ன சொல்லட்டும்.

விடியும் நேரம் தபசு மரம் ஏறினார் அர்ச்சுனன். பனைமரம் உயரத்துக்கு நட்ட கம்பம், இருபக்கமும் படிக்குச்சி. ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. கீழே குழந்தை வரம் வேண்டும் பெண்கள் ஈரப் புடவையோடு முந்தானையை விரித்துக்கொண்டு நிற்கிறார்கள். மேலே போய் உட்கார்ந்து பூவும் விபூதியும் எலுமிச்சம்பழமும் வீசினார். கூட்டத்துக்கு வெகு தள்ளி, மணியைப் பார்த்தபடி பைக்கில் சாய்ந்திருந்த பாண்டி நண்பன் மடியில் நேராக வந்து விழுந்தது ஒரு பழம். எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "பூசைக்கு நேரமாச்சுடா" என்றான். அவ்வளவுதான்.

தூங்காமல் அப்படியே அவனுடைய பங்குக் கோயிலுக்குப் போனோம். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாதிப் பிரசங்கத்தில் தூங்கிவிட்டேன், பாவத்தை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவனுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. பாடகர் குழுவில் ஒரு அக்கா அவனை மோப்பம் பிடித்து "என்னடா, எலுமிச்சம்பழ வாசனை அடிக்குது" என்று கேட்டாராம்.

அன்றைக்கு இயேசுவின் திருவுடல் திருஇரத்தப் பெருவிழா. சாயங்காலம் நற்கருணைப் பவனி, அதாவது இயேசுவின் உடலாக வணங்குகிற அப்பத்தை ஊர்வலமாகக் கொண்டுபோவது. பஸ் ஏறுவதற்கு முன்னால் அதையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்று நண்பனின் அம்மா சொன்னதால் நின்றோம். வெள்ளைக் கவுன் போட்ட சின்னப் பிள்ளைகள் பூத்தூவிக்கொண்டு போக, குடைக்குக் கீழே அந்த அப்பம் வைத்த கதிர்பாத்திரம், பின்னால் சனம், முன்னால் பேண்டு செட். சிவப்புக் கோட்டு, தோளில் ஜரிகை. கிளாரினெட் வாசிக்கிறவர் கன்னத்தைப் பார்த்தேன். எங்கேயோ பார்த்த கன்னம். நின்று பார்த்தேன். அவரேதான்! ராத்திரி முகவீணை.

பவனி முடிந்து ஆப்பமும் டீயும் கொடுத்த இடத்தில் அவரிடம் போய், "ஐயா, நேத்து ராத்திரி கூத்துல..." என்று இழுத்தேன். அவருக்குக் கொஞ்சம்கூட ஆச்சரியம் இல்லை. "ஆமா தம்பி. காலைல எட்டு மணிக்குப் படுத்தேன், மூணு மணிக்கு எழுப்பி விட்டுட்டாங்க" என்றார். ரெண்டும் வேறவேற வாத்தியமாயிற்றே, உதடு ஒத்துழைக்குமா என்று கேட்டேன். முகவீணைக்குச் சீவாளி ரெட்டை, கிளாரினெட்டுக்கு ஒற்றைப் பட்டை, மாறும்போது முதல் பத்து நிமிஷம் பிசிறடிக்கும், அதைப் பெரிய மேளத்தை விட்டு மூடிவிடுவோம் என்று சிரித்தார். மாதா பாட்டெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்றதற்கு, "யாரு சொல்லித் தரணும்? முப்பது வருசமா முன்னாடி நடக்கறேன், பின்னாடி பாடறாங்க, காதுல விழாதா" என்றார்.

ஒன்று மட்டும் கேட்டார். ராத்திரி போனில் வீடியோ எடுத்தீங்களே, அதை எனக்கு அனுப்ப முடியுமா, நான் வாசிக்கிறதை நான் கேட்டதே இல்லை என்றார்.

சரி, அடுத்து யார்?

திண்டுக்கல்காரி:

முகவீணைப் பெரியவரைப் பற்றிப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர் யூதாசு ஞாபகம் வந்துவிட்டார். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் ஈஸ்டரை ஒட்டி பாஸ்கா போடுவார்கள். பாடுகளின் நாடகம், ராத்திரி ஆரம்பித்தால் விடியும்வரை போகும். நடிக்கிறவர்கள் எல்லாம் ஊர்க்காரர்கள்தான், கொத்தனார், டிரைவர், பூட்டுப் பட்டறையில் வேலை செய்கிறவர். நோன்பு நாற்பது நாளும் ஒத்திகை. இயேசுவாக நடிக்கிறவர் அந்த நாட்களில் கறி தொடமாட்டார், வீட்டில் சண்டைகூடப் போடக்கூடாது என்பார்கள் (அவர் மனைவியைக் கேட்டால் வேறு கதை வரும்).

நான் கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த முதல் வருஷம், கோயம்புத்தூரிலிருந்து என் ஃபிரெண்ட்ஸ் ரெண்டு பேரைப் பாஸ்கா பார்க்கக் கூட்டிவந்தேன். யூதாசாக நடித்தவர் அப்படி ஒரு நடிப்பு. முத்தம் கொடுத்துக் காட்டிக்கொடுக்கும்போது முன்வரிசைப் பாட்டி ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள், நிஜமாகவே. காட்டிக்கொடுத்ததற்குக் கூலியாக வாங்கின முப்பது வெள்ளிக்காசை அவர் தரையில் விசிறி எறிந்தபோது பிள்ளைகள் ஓடிப்போய்ப் பொறுக்கின, எல்லாம் தகரம். மறுநாள் ஞாயிற்றுப் பூசைக்கு ஃபிரெண்ட்ஸையும் கூட்டிக்கொண்டு போனேன். காணிக்கை நேரத்தில் பையை நீட்டிக்கொண்டு ஒருத்தர் வருகிறார். பார்த்தால் யூதாசு. அவர்தான் எங்கள் ஊர் உபதேசியார், கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கிறவர். என் ஃபிரெண்டுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, பத்து ரூபாயைப் போட்டுவிட்டு "முப்பதுக்கு இன்னும் இருபது பாக்கி" என்று முணுமுணுத்தாள். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வெளியே வந்ததும் எங்களிடம் வந்து சொன்னார்: "எங்கப்பா யூதாசு, எங்க தாத்தாவும் யூதாசு. இயேசு வேசத்துக்கு நான் நீன்னு போட்டி. இதுக்கு யாரும் வரமாட்டாங்க, அதனால எங்க வீட்லயே தங்கிடுச்சு."

மன்னார் மீன்:

எங்கட பக்கத்திலும் இதே கதைதான், ஆனால் எங்களுக்குக் கூத்தும் கோயிலும் வேறு வேறு இல்லை. மன்னாரில் கத்தோலிக்கக் கூத்து கோயில் திருநாளோடுதான் மேடையேறும். மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று ரெண்டு விதம், எது உயர்த்தி என்று கேட்டால் இரவு முழுக்கச் சண்டை பிடிப்பார்கள், நான் அதற்குள் வரவில்லை. பேசாலையில் உடக்குப் பாஸ் என்று ஒன்று உண்டு, ஆட்களுக்குப் பதிலாக உருவங்களை அசைத்துத் திருப்பாடுகளைக் காட்டுவது. சின்ன வயதில் அதைப் பார்த்துவிட்டு மரப்பொம்மை அழுகிறது என்று நானும் அழுதிருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது வேறு ஒன்று. இடம்பெயர்ந்து பல வருசம் வெளியில் இருந்துவிட்டு ஒருமுறை ஊருக்குப் போனேன். பழைய சிநேகிதர்கள் ரெண்டு பேர் சனிக்கிழமை இரவு கூத்துப் பழக்கம் நடக்கிற வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் வயதானவர், கண் சரியாகத் தெரியாது. கொப்பி கையில் இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை, எல்லாம் நெஞ்சில் பாடம். நான் யாருடைய மகன் என்று ஒருவரும் சொல்லவில்லை. சும்மா பின்னால் இருந்து பிற்பாட்டுக்குக் குரல் கொடுத்தேன். தாளத்தை நிற்பாட்டினார். "ஆர் அது? இது எங்கட ராசாவின் குரல் எல்லோ" என்றார். ராசா வேசம் கட்டியது என் அப்பா. அவர் செத்துப் பதினாறு வருசம்.

அடுத்தநாள் பூசையில் நான் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். ஒன்றும் கதைக்கவில்லை. பாட்டு வரும்போது மட்டும் என் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டார்.

பாளையங்கோட்டை:

எல்லாரும் ஆர்.சி. (கத்தோலிக்க) கதையாகவே சொல்கிறீர்கள், எங்கள் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்டு) பக்கமும் கொஞ்சம் பாருங்கள். எங்கள் ஊரில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) பெத்லகேம் குறவஞ்சி எழுதினவர், சரபோஜி மன்னருக்குச் சிநேகிதர். அவர் கீர்த்தனைகளை ராகத்தோடு பாடத் தெரிந்தவர்களை இன்று தேடவேண்டியிருக்கிறது. எங்கள் சபையில் கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினால் டிரம் தானே அடிக்கும், எல்லாக் கீர்த்தனைக்கும் அதே டிரம்தான்.

போன டிசம்பரில் கேரல் ரவுண்டு போனபோது ஒரு வீட்டு வாசலில் நாங்கள் பாடி முடித்ததும் உள்ளேயிருந்து ஒரு அம்மா வந்து, "அது ஆனந்தபைரவி, நீங்க பாடுறது என்ன ராகம்னே தெரியல" என்றார். ரிட்டையர்டு பாட்டு டீச்சர். நெற்றியில் குங்குமம், அது இந்து வீடு, எங்கள் ஆட்கள் வீட்டு நம்பரை மாற்றிப் போய்விட்டோம். உட்காரவைத்து ரெண்டு சரணம் சொல்லிக்கொடுத்து, முறுக்கும் கொடுத்து அனுப்பினார். அந்த வருஷம் நாங்கள் சரியாகப் பாடியது அந்த ஒரு பாட்டுத்தான்.

பெரம்பூர்ப் பையன்:

மன்னார் அண்ணே, உங்களுடையதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத ஓடவில்லை.

வீடியோ என்ன ஆச்சு என்று ஒருத்தர் தனியாகக் கேட்டிருந்தார். அனுப்பினேன். இருட்டில் எடுத்தது, ஆளே தெரியவில்லை, சத்தம் மட்டும் நன்றாக விழுந்திருக்கிறது. பெரியவர் பேரன் போனில் கேட்டுவிட்டு, "ரெண்டாவது பாட்டுல சுருதி இறங்கிடுச்சு, அதை அழிச்சிடச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினார். நான் அழிக்கவில்லை.

எலுமிச்சம்பழத்தை நண்பனின் அம்மா துணி துவைக்கும்போது சட்டைப் பையில் கண்டுபிடித்தார். எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்ததும் ஊறுகாயில் போடவும் மனசு வரவில்லை, வெளியே எறியவும் பயம். திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, மெழுகுவத்தி வைக்கிற பலகையில் வைத்திருக்கிறார். போன மாசம் போனபோது பார்த்தேன், காய்ந்து கறுத்துப் பாக்கு மாதிரி ஆகிவிட்டது. அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

திண்டுக்கல்காரி, அடுத்த பாஸ்கா தேதி தெரிந்ததும் இங்கே போடுங்கள். நாலு பேரும் வருகிறோம்.