முதல் நாள் லாகின் கியூ: காத்திருப்பதா, வெளியே வந்து மறுபடி முயல்வதா?

நிலவறை
பெரிய ஆன்லைன் கேம் எது வெளியானாலும் முதல் நாள் லாகின் திரை சுற்றிக்கொண்டே நிற்கிறது, இல்லையென்றால் கியூவில் பல்லாயிரம் பேருக்குப் பின்னால் தள்ளுகிறது. கேன்சல் செய்துவிட்டு மறுபடி நுழைந்தால் சீக்கிரம் உள்ளே போக முடியுமா? கிளவுடில் கேட்ட அளவு சர்வர் கிடைக்கும் காலத்திலும் இது ஏன் நடக்கிறது?

சர்வர்வாசி
கேன்சல் செய்யாதீங்க. இணைப்பு தானாக அறுந்தால் பல கேம்கள் சில நிமிடம் உங்கள் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். உடனே திறந்தால் அதே இடம் கிடைக்கும். நீங்களாக வெளியே வந்தால் பெரும்பாலும் கடைசியில்தான் நிற்கணும்.

மேட்ச் நடக்கும் சர்வர்களைக் கூட்டுவது சுலபம். ஒவ்வொரு மேட்சும் தனி என்பதால் இயந்திரத்தைச் சேர்த்தால் போதும். நெரிசல் அதற்கு முந்தைய படியில்: கணக்கு சரிபார்ப்பு, வாங்கிய உரிமை, இன்வென்டரி (கேமில் சேர்த்த பொருள்கள்), நண்பர் பட்டியல், மேட்ச்மேக்கிங் (யாரோடு யார் ஆடுவது என்று சேர்த்துவிடுவது). இவை பொதுவான டேட்டாபேஸைத் தொடுபவை. அதைப் பல துண்டாகப் பிரிக்கும் வடிவமைப்பை முன்கூட்டியே செய்திருக்கணும், வெளியீட்டு இரவில் செய்ய முடியாது. 2021 அக்டோபரில் டயாப்லோ 2 ரிசரக்டட் கேமின் சர்வர்கள் விழுந்ததும் இப்படித்தான். எல்லா வட்டாரத்துக்கும் பொதுவான ஒரே மைய டேட்டாபேஸ் சுமை தாங்கவில்லை. புது கேம் உருவாக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தி, லாகின் கியூவும் வைத்தார்கள்.

அடுத்தது மறுமுயற்சி வெள்ளம். சர்வர் தாமதித்தால் கிளையன்ட் (உங்கள் பக்கம் ஓடும் கேம்) பொறுத்துப் பார்த்து, டைம்அவுட் ஆகி மறுபடி கேட்கும்; பழைய கோரிக்கையோ இன்னும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். ஒருவரே நான்கு பேர் சுமையைக் கொடுப்பார். நன்றாக எழுதிய கிளையன்ட் 1, 2, 4, 8 நொடி என இடைவெளியைக் கூட்டி, எல்லோரும் ஒரே நொடியில் மோதாமல் இருக்க அதில் கொஞ்சம் தற்செயலான வித்தியாசமும் சேர்க்கும். பட்டனைத் தட்டிக்கொண்டே இருப்பது அந்த ஏற்பாட்டையே கெடுக்கிறது.

கணிப்பும் தவறும். 2016-ல் போகிமான் கோவுக்கு, மோசமான நிலையில்கூட சர்வர் சுமை இலக்கைப் போல 5 மடங்குதான் வரும் என்று நினைத்தார்கள். வந்தது 50 மடங்கு.

பிங்புலி
முதலில் பழுது யார் பக்கம் என்று பாருங்க. கேமின் ஸ்டேட்டஸ் பக்கம் பச்சையாக இருந்தும் உள்ளே போகவில்லையா? மொபைல் ஹாட்ஸ்பாட்டில் முயலுங்க. அதில் திறந்தால் கோளாறு உங்கள் ரவுட்டரிலோ லைனிலோ. லாகின் ஆகியும் பார்ட்டியில் (நண்பர் குழுவில்) சேர முடியாவிட்டால் கேமின் நெட்வொர்க் அமைப்பில் என்ஏடி (வெளி இணைப்புகளை ரவுட்டர் எவ்வளவு அனுமதிக்கிறது என்ற நிலை) 'ஸ்ட்ரிக்ட்' என்று இருக்கிறதா பாருங்க. ரவுட்டரில் யுபிஎன்பி (கேமுக்குத் தேவையான வழியைத் தானாகத் திறக்கும் வசதி) ஆன் செய்தால் பெரும்பாலும் சரியாகும்.

கேமை அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்யவே வேண்டாம், லாஞ்சரில் இருக்கும் ஃபைல் சரிபார்ப்பு போதும். ப்ரீலோட் செய்தவர்கள் (வெளியீட்டுக்கு முன்பே கேமை இறக்கி வைத்தவர்கள்) டிஸ்க்கில் தாராளமாக இடம் விடுங்க: பூட்டிய ஃபைல்களைப் பிரிக்கும்போது கேம் அளவுக்கு இன்னொரு பங்கு கேட்கலாம். கிராபிக்ஸ் டிரைவரை முந்தின நாளே மாற்றிவிடுங்க. பிறகு மாற்றினால் ஷேடர் கம்பைல் (கிராபிக்ஸ் நிரல்களை உங்கள் கார்டுக்குத் தயார் செய்வது) மறுபடி முதலிலிருந்து ஓடும்.

ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்தில் வாங்கியவர்களுக்கு முக்கியமானது: ரீஃபண்ட் வரம்பு 14 நாள், 2 மணி நேர விளையாட்டு. கியூவில் நிற்கும்போதும் கேம் ஓடுகிறது, அந்த நேரமும் கணக்கில் ஏறும்.

மூன்றாம்கரை
மேலே சொன்னவை சரி. ஆனால் பொறுமையை ஆட்டக்காரர்களிடம் மட்டும் கேட்பது நியாயமில்லை. 2021 டிசம்பரில் ஃபைனல் ஃபேன்டசி 14 கேமின் எண்ட்வாக்கர் விரிவாக்கத்துக்கு மணிக்கணக்கில் கியூ. ஒரு டேட்டா சென்டரில் 17,000 பேருக்கு மேல் காத்திருந்தால் 2002 என்ற எண்ணுள்ள பிழை வரும் என்று தயாரிப்பாளர் யோஷிடா வெளிப்படையாக எழுதினார். சிப் தட்டுப்பாட்டால் புது சர்வர் வாங்க முடியாததையும் சொன்னார். முதலில் 7 நாள், பிறகு 14 நாள் சந்தா இலவசம். புது விற்பனையையே 2022 ஜனவரி 25 வரை நிறுத்தினார்கள். எத்தனை பேர் தாங்கும் என்று எண்ணைச் சொன்னால் மக்கள் காத்திருப்பார்கள். "ஆராய்ந்து வருகிறோம்" என்ற ஒரே வரியைப் பன்னிரண்டு மணி நேரம் வைத்திருந்தால் யாருக்கும் பொறுக்காது.

நம் பங்கும் உண்டு. ஹெல்டைவர்ஸ் 2 கேமில் (2024 பிப்ரவரி) ஒரே நேரத்தில் 4,50,000 பேர் என்று வரம்பு வைத்தபோது, இடம் போய்விடும் என்று பலர் விளையாடாமலே லாகினில் இருந்தார்கள். சும்மா இருப்பவர்களை வெளியேற்றும் ஏற்பாட்டை அவசரமாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆடி முடித்தால் வெளியே வாங்க.

நிலவறை
நன்றி. அப்போ எந்த நேரத்தில் நுழைவது நல்லது?

சர்வர்வாசி
உங்கள் சர்வர் வட்டாரத்தின் விடியற்காலை. வெளியான முதல் மணி நேரத்தையும் அன்றைய மாலையையும் விட்டுவிடுங்க. முதல் சனி, ஞாயிறு சில சமயம் முதல் நாளையே மிஞ்சும், அதனால் வார நாளில் முதல் ஹாட்ஃபிக்ஸ் (அவசரத் திருத்தம்) பராமரிப்பு முடிந்த பிறகு பாருங்க.