கூட்டத்தில் தலையாட்டிய பள்ளி, வகுப்பறையில் ஏன் மறந்துவிடுகிறது?

செங்காங் அம்மா:
என் மகன் சிங்கப்பூரில் தொடக்கநிலை 5 படிக்கிறான். டிஸ்லெக்சியா உண்டு, வாசிப்பதும் எழுத்துக்கூட்டுவதும் அவனுக்குச் சிரமம். தொடக்கநிலை 3, 4இல் பள்ளியிலேயே நடக்கும் டிஸ்லெக்சியா வாசிப்பு வகுப்புக்குப் போனான். நன்றாகவே நடத்தினார்கள், குறை சொல்ல மாட்டேன். அந்தத் திட்டம் தொடக்கநிலை 4ஓடு நின்றுவிடும். அதனால் ஆண்டு தொடங்கியதுமே பள்ளியில் உட்கார்ந்து பேசினோம். ஃபார்ம் டீச்சர் (வகுப்பாசிரியர்), சிறப்புத் தேவை அதிகாரி, ஆங்கிலத் துறைத் தலைவர் எல்லாரும் இருந்தார்கள். தேர்வில் கூடுதல் நேரம், முன்வரிசையில் இடம், பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதிலாக அச்சடித்த தாள். மூன்றுக்கும் சரி என்றார்கள்.

இப்போது பள்ளி ஆண்டின் இரண்டாம் தவணை. பிள்ளை பின்வரிசையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறான். ஸ்பெல்லிங் பட்டியலைப் பலகையைப் பார்த்துத்தான் எழுதி வருகிறான். ஒரு சொல்லின் தலையும் அடுத்த சொல்லின் வாலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது, அதையே மனப்பாடமும் செய்கிறான்! போன வாரம் ஆங்கில வெயிட்டட் அசெஸ்மென்ட், அதாவது வகுப்பிலேயே நடக்கும் சிறு தேர்வின் தாள் கையெழுத்துக்கு வந்தது. கருத்தறிதலில் முதல் ஆறு கேள்வி சரி. அதற்குப் பிறகு வெறும் கோடுகள். “நேரம் முடிஞ்சுதுன்னு வாங்கிட்டாங்கம்மா” என்கிறான்.

மின்னஞ்சல் போட்டால் “கவனத்தில் எடுத்துக்கொள்கிறோம்” என்று பதில் வருகிறது. இனி கல்வி அமைச்சுக்கு எழுதலாமா?

சாக்பீஸ்:
நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை, உங்கள் பள்ளி இல்லை. திட்டு வாங்கத் தயாராகத்தான் எழுதுகிறேன். 2023 முதல் அரையாண்டுத் தேர்வே கிடையாது, அதற்குப் பதில் இந்தச் சிறு தேர்வுகள்தான். இவை சாதாரணப் பாடவேளையில் நடப்பவை. ஆண்டிறுதித் தேர்வு என்றால் தனி அறை, தனி மேற்பார்வையாளர் என்று அட்டவணையே போட்டுவிடுவோம், கூடுதல் நேரம் கொடுப்பது சுலபம். சிறு தேர்வில் மணி அடித்ததும் அடுத்த டீச்சர் வாசலில் நிற்பார், வகுப்பே அறிவியல் கூடத்துக்குக் கிளம்பும். உங்கள் மகன் எங்கே உட்கார்ந்து எழுதுவான்? யார் கூட இருப்பது? என் வகுப்பில் 38 பேர். அமைச்சுக்கு எழுதினாலும் அது சுற்றி அதே பள்ளியின் மேசைக்குத்தான் வரும். அதற்குப் பிறகு உங்களிடம் எல்லாரும் அளந்து அளந்து பேசுவார்கள், அவ்வளவுதான்.

ஈசூன் குமார்:
டீச்சர், நீங்கள் சொல்வதெல்லாம் ஜனவரியிலும் தெரிந்த விஷயம்தானே? அப்புறம் ஏன் சரி என்று சொன்னார்கள்? “சிறு தேர்வில் முடியாது, ஆண்டிறுதிக்கு மட்டும் தருகிறோம்” என்று அன்றே சொல்லியிருந்தால் இந்த அம்மா வேறு வழி கேட்டிருப்பார். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கி, பிள்ளை தலையில் கட்டிவிட்டார்கள்.

உமறுப்புலவர் பழைய மாணவன்:
நாங்கள் படித்த காலத்தில் இந்தப் பெயரெல்லாம் கிடையாது. படிப்பு வராதவன் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிப்பான். வேலையிடத்தில் முதலாளி கூடுதல் நேரம் கொடுப்பானா? பேசாமல் ஆங்கிலத்தை ஃபவுண்டேஷன் என்கிற எளிய நிலைக்கு மாற்றுங்கள், தமிழுக்கும் விலக்கு வாங்கிவிடுங்கள். சுமை குறையும்.

ஈசூன் குமார்:
ஐயா, உங்கள் வகுப்பில் பாதியில் நின்றவர்களைப் பற்றியும் சொல்லுங்கள். அவர்கள் எல்லாருமே சோம்பேறிகளா?

செங்காங் அம்மா:
ஐயா, ஃபவுண்டேஷனில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ கணக்கில் ஏஎல் 6தான் உச்சம். ஏஎல் தரநிலையில் 1தான் சிறந்தது, 8 கடைசி. கேள்வியை நான் வாசித்துக் காட்டினால் டாண் டாண் என்று பதில் சொல்கிற பிள்ளைக்கு அது எதற்கு? தமிழில் விலக்கு வாங்கினாலும் 6 முதல் 8 வரை ஏதாவது ஒரு மதிப்பைத்தான் போடுவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அவனுக்கு இப்போது அச்சடித்த தாள் கிடைப்பதே தமிழ் வகுப்பில்தான். அந்த டீச்சர் கூட்டத்துக்கு வரவே இல்லை. அவன் எழுதுவதைப் பார்த்துவிட்டு, வரிகளுக்கு நடுவே இடம் விட்டு, பெரிய எழுத்தில் தானாகவே அடித்துக் கொடுக்கிறார்.

சாக்பீஸ்:
அந்த வகுப்பில் எத்தனை பேர் அம்மா?

செங்காங் அம்மா:
பன்னிரண்டு.

சாக்பீஸ்:
அதைத்தான் சொல்கிறேன்.

ஈசூன் குமார்:
வகுப்பில் பன்னிரண்டு பேரா முப்பத்தெட்டு பேரா என்று நகலெடுக்கும் இயந்திரத்துக்குத் தெரியாது டீச்சர். ஒரு தாள், ஒரே ஒரு பொத்தான்.

இதில் பெரிய விஷயமே வேறு. அடுத்த வருடம் பிஎஸ்எல்இயில் கூடுதல் நேரம் வேண்டுமென்றால், தேர்வு மதிப்பீட்டுக் கழகத்துக்குப் பள்ளிதான் விண்ணப்பிக்க வேண்டும், பெற்றோர் நேரடியாகப் போட முடியாது. இந்த வருடம் முழுக்க ஒரு தேர்வில்கூடக் கொடுக்காமல் இருந்துவிட்டு, ‘இவனுக்கு இது தேவை’ என்று அப்போது எந்த முகத்தோடு எழுதுவார்கள்?

சாக்பீஸ்:
அந்தக் கவலை நியாயம்தான். அதனால்தான் சண்டை வேண்டாம் என்கிறேன். பள்ளிக்குள் நடப்பது இதுதான்: கூட்டத்தில் இருப்பவர் ஃபார்ம் டீச்சர். ஆங்கிலம் எடுப்பவர் பல நேரம் வேறு ஆள். அவர் பிரசவ விடுப்பில் போனால் இன்னொருவர் வருவார். பேசியதெல்லாம் சிறப்புத் தேவை அதிகாரியின் கோப்பில் பத்திரமாக இருக்கும், ஆனால் அந்தக் கோப்பு வகுப்பறைக்குள் வராது. பேசிய மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் எழுதி, எதை எந்த ஆசிரியர் செய்வார், அடுத்த சிறு தேர்வு எப்போது என்று கேளுங்கள். துறைத் தலைவருக்கும் ஆங்கில ஆசிரியருக்கும் நகல் போடுங்கள். தேர்வை இடைவேளையை ஒட்டிய பாடவேளையில் வைத்தால் கொஞ்சம் நேரம் தள்ளலாம்.

செங்காங் அம்மா:
இடைவேளையில் உட்கார வைத்தால் அவனுக்கு அது தண்டனை டீச்சர். மற்ற பிள்ளைகள் கேண்டீனுக்கு ஓடும்போது இவன் மட்டும் எழுத வேண்டுமா? பள்ளி முடிந்த பிறகு, அதிகாரியின் அறையில் எழுதட்டும். நான் வாசலில் காத்திருக்கத் தயார்.

ஈசூன் குமார்:
கூட்டக் குறிப்பை அம்மா எழுத வேண்டும், நினைவூட்டலும் அம்மா அனுப்ப வேண்டும், இப்போது வாசலிலும் நிற்க வேண்டும். வேலைக்குப் போகிறவர், ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதத் தயங்குகிறவர், இவர்களின் பிள்ளைகள் என்ன ஆவார்கள்?

உமறுப்புலவர் பழைய மாணவன்:
தம்பி, உலகத்தில் எல்லாவற்றுக்கும் பள்ளியே பொறுப்பு என்றால் பெற்றவர்கள் எதற்கு?

ஈசூன் குமார்:
செய்கிறோம் என்று சொன்னதைப் பள்ளி செய்யட்டும், ஐயா. அதை மட்டும்தான் கேட்கிறோம்.

செங்காங் அம்மா:
டீச்சர் சொன்ன மாதிரியே நேற்று எழுதி அனுப்பினேன். இன்று மதியம் துறைத் தலைவரின் மின்னஞ்சல் வந்திருந்தது. இடம் மாற்றிவிட்டார்களாம், முதல் வரிசை. அச்சடித்த தாள் அடுத்த வாரத்திலிருந்து. கூடுதல் நேரம் பற்றி, “உள்ளே கலந்து பேசிக்கொண்டிருக்கிறோம்” என்று மட்டும் இருக்கிறது. தேதி இல்லை.

சாக்பீஸ்:
மூன்றில் இரண்டு. மோசமில்லை.

ஈசூன் குமார்:
நாற்காலியை நகர்த்துவதற்கே இரண்டாம் தவணை ஆகிவிட்டது டீச்சர். தேதி கேட்டு இப்போதே பதில் போடுங்கள் அக்கா, ஜூன் விடுமுறை வந்தால் எல்லாரும் மறந்துவிடுவார்கள்.