மறுமொழி: கெடு வைத்து விலை கேட்பதற்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம். வீடு வாங்க வருகிறவர் ஒரு விலைக்குக் கேட்டு, இதற்குள் ஏற்க வேண்டும் என்று கெடு வைத்துக் கொடுக்கும் ‘ஆஃபர்’ தாளுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு ஒருவர் சொன்னது:

> “காலவரையறைக்குட்பட்ட கொள்முதல் முன்மொழிவு” என்று வைக்கலாமே. துல்லியமாக இருக்கிறது.

துல்லியம்தான், ஐயா. ஆனால் எங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், வீட்டு ஏஜெண்டு நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுகிறவர் வாயில் இது நுழையாது. தோட்டத்து லயத்தை விட்டுத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) ஒரு வீடு பார்க்க வருகிறவர்களுக்குத்தான் இந்தச் சொல் வேண்டும். அவர்கள் இப்போது “புக்கிங்” என்பார்கள், கொஞ்சம் படித்தவர்கள் “ஆஃபர் லெட்டர்” என்பார்கள். அதை ‘சலுகைக் கடிதம்’ என்று தமிழாக்கியிருந்ததையும் பார்த்தேன். விலையைக் குறைத்துத் தருகிறார்கள் என்றல்லவா படிப்பவர் நினைப்பார்!

முதலில் அந்தத் தாளைப் பார்த்துவிடுவோம். வீடு 250,000 வெள்ளி (ரிங்கிட்) என்று வையுங்கள். வாங்குபவர் 2 விழுக்காடு, அதாவது 5,000 வெள்ளி, வாடிக்கையாளர் பணத்துக்கென்று ஏஜென்சி தனியாக வைத்திருக்கும் கணக்கில் முன்பணமாகக் கட்டுகிறார். கீழே ஒரு வரி: வீட்டுக்காரர் திங்கட்கிழமை மாலை 5 மணிக்குள் ஏற்காவிட்டால் இது செல்லாது. அதற்கும் கீழே இன்னொரு வரி: ஏற்றுக்கொண்டால், 14 நாளுக்குள் வாங்குபவர் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு இன்னும் 8 விழுக்காட்டைக் கட்ட வேண்டும். எண்கள் கொஞ்சம் மாறலாம், வழக்கம் இதுதான்.

ஆக, கெடு இரண்டு. முதலாவது வீட்டுக்காரருக்கு. அவர் அதற்குள் ஏற்காவிட்டால் 5,000 வெள்ளியும் முழுசாகத் திரும்பி வர வேண்டும். இரண்டாவது வாங்குபவருக்கு. அது தவறினால் பெரும்பாலான தாள்களில் முன்பணம் போய்விடும். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் பணம் திரும்பும் என்று தனியாக எழுதி வாங்கியிருந்தால் தப்பிக்கலாம். எங்கள் ஊரில் இரண்டுக்கும் பெயர் “டைம்”. என் மாமா ஒருவர் திங்கட்கிழமை மத்தியானம் “டைம் முடியப்போகுது, அட்வான்ஸ் போயிடும்” என்று பதறிக்கொண்டு ஏஜெண்டைத் தேடி ஓடினார். அவர் பதறியது வீட்டுக்காரருடைய கெடுவுக்கு.

அதனால் யாருடைய கெடு என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும் என்பது என் கட்சி. முதலாவதை ‘ஏற்புக் கெடு’ என்றும், இரண்டாவதை ‘ஒப்பந்தக் கெடு’ என்றும் சொல்லலாம்.

ஆஃபருக்கு ‘விலைக்கேட்பு’. வீட்டுக்காரர் விலை சொல்வார், வாங்குபவர் கேட்பார், “எவ்வளவுக்குக் கேட்டாங்க?” என்றுதானே விசாரிக்கிறோம். ஏலத்திலும் அதே வினைதான். இலங்கைத் தமிழில் டெண்டருக்குக் ‘கேள்விப்பத்திரம்’ என்று ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் வெறும் ‘கேள்வி’ என்றால் எங்கள் பிள்ளைகளுக்குப் பரீட்சைதான் ஞாபகம் வரும்.

> ‘கெடு’ என்றால் கெட்டுப்போவது போல ஒலிக்கிறதே?

ஒலிக்கட்டும். கெடு தாண்டினால் கேட்பு கெட்டுத்தான் போகிறது. மலேசியாவின் 1950 ஒப்பந்தச் சட்டம் 6ஆம் பிரிவில் அதைத்தான் சொல்கிறது: குறித்த காலம் கடந்தால் கேட்பு தானாக விழுந்துவிடும். காலமே குறிக்காவிட்டால் ‘நியாயமான காலம்’ வரை நிற்கும். அது எத்தனை நாள் என்று சண்டை போடுவதைவிட மணியோடு எழுதிவிடுவது மேல்.

முதல் கெடுவை ‘உறுதிக் கெடு’ என்று சொல்லலாம் என்ற யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. அதே சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, வீட்டுக்காரர் ஏற்று அனுப்புவதற்குள் வாங்குபவர் மனம் மாறலாம், கெடு பாக்கி இருந்தாலும்கூட. கெடு முடியும்வரை கேட்பைத் திறந்து வைப்பதற்கென்று அவர் தனியாக ஏதாவது பெற்றுக்கொண்டிருந்தால் கதை வேறு. அந்த ‘உறுதி’ இதில் இல்லாதபோது பெயரில் மட்டும் எதற்கு?

அப்புறம், ஏஜெண்டுக்குத் ‘தரகர்’ வேண்டாம் என்பேன். இங்கே சொத்து முகவர்களுக்கான 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் இந்தத் தொழில் செய்யலாம். ‘தரகர்’ என்றால் சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்து, பதிவில்லாமல் வீடு கைமாற்றிவிடும் ஆள்தான் எங்களுக்கு நினைவு வரும். ‘சொத்து முகவர்’ போதும்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. கெடுவுக்குள் வீட்டுக்காரர் 250,000ஐ அடித்துவிட்டு 260,000 என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு அனுப்புகிறார். பலர் இதையும் “ஓகே ஆயிடுச்சு” என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி ஏற்பு என்றால் மாற்றம் ஏதுமின்றி முழுசாக ஏற்பது. விலையைத் திருத்தினால் பழைய கேட்பும் விழுந்துவிடும். இப்போது யோசிக்க வேண்டியவர் வாங்குபவர். வீட்டுக்காரர் ‘சொல்பவர்’ ஆயிற்றே, ‘எதிர்ச்சொல்’ என்று வைக்கலாமா என்று ஆசைதான். அது இலக்கணத்தில் எதிர்ப்பொருள் தரும் சொல்லுக்குப் பெயர், இலக்கணக்காரர்கள் விடமாட்டார்கள். அதனால் ‘எதிர்விலை’ என்று போட்டிருக்கிறேன். அதற்கும் ஒரு கெடு இருக்கும், அது வாங்குபவருக்கானது. அதையும் ‘ஏற்புக் கெடு’ என்றே விட்டுவிடலாமா, பிரிக்க வேண்டுமா? பினாங்கு நண்பர்கள் கருத்தைச் சொன்னால் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.