யூத மழலையர் பள்ளி: மாலைப் பராமரிப்பு எப்படி?

கேள்வி: மகளுக்கு மூன்று வயது. நாங்கள் யூதர்கள் இல்லை, ஆனால் வீட்டருகே இருக்கும் யூத மழலையர் பள்ளி பிடித்திருக்கிறது. இருவருக்கும் ஆறு மணிவரை வேலை. சேர்க்கும் முன் என்னென்ன விசாரிக்க வேண்டும்?

பதில் 1: முதலில் விடுமுறைப் பட்டியலை வாங்குங்கள். யூதப் பண்டிகைகளான ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத் மூன்றும் செப்டம்பர், அக்டோபரில் அடுத்தடுத்து வரும். வசந்தகாலப் பண்டிகையான பெஸாக் வேறு, இஸ்ரேலுக்கு வெளியே பெரும்பாலும் 8 நாள். அப்புறம் வெள்ளிக்கிழமை. யூதர்களின் வாராந்திர ஓய்வு நாளான சப்பாத் அன்று சூரியன் மறையும் முன்பே தொடங்கிவிடும். குளிர்காலத்தில் பல பள்ளிகள் மதியத்திலேயே மூடிவிடும். "ஆறு மணிவரை" என்ற விளம்பரத்தை நம்பி உட்காராதீர்கள்.

பதில் 2: சாப்பாட்டு விதியையும் கேளுங்கள். கோஷர் என்னும் யூத உணவு முறையில் இறைச்சியும் பாலும் சேராது. மாலையில் பார்த்துக்கொள்வது வகுப்பு ஆசிரியையா, வேறு ஆளா? எனக்கு அதுதான் முக்கியம்.

கேட்டவர்: சரி, வெள்ளிக்கிழமைகளில் கணவர் சீக்கிரம் கிளம்ப முடியுமா என்று பார்க்கிறேன்.